அந்த நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

மதிப்புக்குரிய ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தால் அந்த அலுவலர்களுக்கும், கிராம சபை என்று மைக்கில் சொன்னதும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்காரும் அக்காமார், அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பொது நூலகத் துறையில் மூன்றாம் நிலை நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தென்காசி மாவட்டத்துக்காரி. பணிக்காலம் முழுக்கச் சின்னச் சின்னக் கிளை நூலகங்களில் ஒற்றை ஆளாகவே கழிந்தது. கூட்டிப் பெருக்குவதும் நான்தான், பேப்பர் பிரித்து வைப்பதும் நான்தான், பதிவேடு எழுதுவதும் நான்தான். ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊருக்குத் திரும்பினேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு நூலகம் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து இப்போது மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷத்தில் கண்டதையும், அதற்கு முந்தைய வேலையில் தெரிந்துகொண்டதையும் வைத்து இந்த மடலை எழுதுகிறேன். உங்களிடம் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் ஊர் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் ஊரில் நூலகமே இல்லையே என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் இருந்த 12,618 ஊராட்சிகளுக்கும் ஊருக்கு ஒரு நூலகம் என்பது அந்தத் திட்டத்தில் ஒரு பங்கு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலோ, ஊராட்சி அலுவலகத்தை ஒட்டியோ, சமுதாயக் கூடத்துக்குப் பின்னாலோ ஒரே அறையாக ஒரு கட்டடம் நிற்கும். முகப்பில் 'ஊராட்சி நூலகம்' என்ற எழுத்து பாதி உரிந்து போயிருக்கும். நன்றாக நடக்கிற இடங்களும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் இந்த மடலைப் படிக்கத் தேவையில்லை. மற்றவர்கள் தயவுசெய்து தொடர்ந்து படியுங்கள்.

எங்கள் ஊரில் சாவி குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர் தம்பியிடம் இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார், யாரும் கேட்டதில்லை என்றார். பூட்டு திறக்கவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, மறுநாள் மண்ணெண்ணெய் விட்டு, மூன்றாம் நாள் பூட்டை உடைத்தோம். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது. புத்தக ராக்கைகளுக்கு நடுவே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அப்புறம் தெருவிளக்குக் குழல்கள், கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பழைய மோட்டார். ராக்கையின் கீழ்த்தட்டு முழுவதும் கரையான் மண். கையை வைத்தால் புத்தகம் புத்தகமாக இல்லை, உதிர்ந்தது. நடுத்தட்டில் தாள் பழுப்பேறி ஒடிந்தது. பிளீச்சிங் பவுடர் காற்று இரும்பையே அரிக்கும், தாளை விட்டு வைக்குமா? எனக்குத் தொண்டை அடைத்தது மேல்தட்டைப் பார்த்தபோதுதான். அங்கே வந்து இறங்கிய நாளில் கட்டியிருந்த சணல் கயிறு அவிழ்க்கப்படாமலே ஒரு கட்டுப் புத்தகம் இருந்தது. எல்லாம் குழந்தைகளுக்கான படக் கதைகள். அவை வந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது கல்யாணம் முடித்து, அவர்கள் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

இது யாருடைய தப்பு என்று கேட்டு ஒரு பயனும் இல்லை. ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்வது பயன்படும். கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையின் திட்டத்தில் வந்தது, ஊராட்சிக்குச் சொந்தம். நூலகர், புத்தகக் கொள்முதல், மாவட்ட நூலக ஆணைக்குழு என்பதெல்லாம் பள்ளிக் கல்வித் துறைக்குக் கீழே இருக்கும் பொது நூலக இயக்ககத்தின் பொறுப்பு. அந்த இயக்ககம் 4,500க்கும் மேற்பட்ட நூலகங்களை நடத்துகிறது. உங்கள் ஊர்க் கட்டடம் அந்தக் கணக்கில் இருக்காது. புத்தகம் தெரிந்தவர்கள் ஒரு துறையில், கட்டடம் இன்னொரு துறையில், நடுவில் ஒரு பூட்டு. ஊராட்சி வைத்த ஆளுக்கு மாதாமாதம் கொடுத்த சின்னத் தொகை நின்றதும் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். சாவி கைமாறிக் கைமாறித் தொட்டி ஆபரேட்டரிடம் வந்து சேர்ந்திருக்கும். அவ்வளவுதான் நடந்தது. ஆகவே சரி செய்வதும் பெரிய காரியம் இல்லை.

பணம் எங்கே என்பீர்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று இன்னொரு வரி இருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. வீட்டு வரி 300 ரூபாய் என்றால் நூலக வரி 30 ரூபாய். இதற்கு வேர் 1948-ல் இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதன்முதலாகச் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம்தான். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த நேரம் அது. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் ஓயாமல் பேசியவர் எஸ்.ஆர்.ரங்கநாதன், நம் சீர்காழியில் பிறந்தவர். பணக்காரர் தயவிலோ, அரசாங்கம் அந்தந்த வருஷம் மனம் வைப்பதிலோ நூலகம் நிற்கக் கூடாது, ஊர் மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவர்கள் உரிமையாக அது நிற்க வேண்டும் என்பதுதான் அந்த வரியின் பொருள். குடிசைக்கு வரி கட்டும் ஆச்சியும் அதில் பங்குதாரர்.

அந்தப் பணத்தை வசூலிப்பது ஊராட்சி. வசூலித்ததை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டியதும் ஊராட்சி. நான் வேலையில் இருந்த காலத்தில் 'நிலுவை' என்ற சொல்லைக் கேட்காத வருஷமே கிடையாது. உள்ளாட்சியிலிருந்து வரவேண்டியது வரவில்லை என்று முதலில் வார இதழ் நிற்கும், அப்புறம் பேப்பரில் ஒன்று குறையும். ஆகவே தலைவர்களிடம் என் வேண்டுகோள்: கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது, நூலக வரியாக இவ்வளவு வசூலானது, இவ்வளவு செலுத்திவிட்டோம் என்று ஒரு வரி சேர்த்து வாசியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்றிலாவது வாசியுங்கள். கட்டுகிறவர்களுக்கே தெரியாத வரியாக அது இருக்கக் கூடாது.

ரங்கநாதனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசையாக இருக்கிறது. கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931-ல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகம் படிக்கிறவர்கள் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள். அதில் மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. படிப்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் அந்த வாசகர் எங்கே இருக்கிறார்? அவர் நூலகத்துக்கு வராமலே இருந்தால்? அதே 1931-ல், அக்டோபர் மாதம், மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். புத்தகத்தைத் தேடி ஆள் வரட்டும் என்று உட்கார்ந்திராமல், ஆளைத் தேடிப் புத்தகம் கிளம்பிப் போனது. ரோடும் கரண்டும் இல்லாத காலத்தில் அது நடந்திருக்கிறது.

நானும் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றேன். கதவைத் திறந்து, ஒட்டடை அடித்து, புது பல்பு போட்டு, மூன்று பேப்பர் வாங்கிப் போட்டு முதல் மாதம் உட்கார்ந்திருந்தேன். வந்தது ஐந்தாறு பெரியவர்கள், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் ஒரே தெரு. பேப்பர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நூலகம் திறந்தாயிற்று என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வரவில்லை. அப்புறம்தான் நான் எழுந்து வெளியே போனேன்.

எங்கள் பக்கத்தில் பெண்களுக்குப் பீடிதான் பிழைப்பு. காலையில் சோறு பொங்கி, பிள்ளைகளை அனுப்பிவிட்டால் மடியில் சுளகு ஏறிவிடும். நாலைந்து பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் சேர்ந்து உட்காருவார்கள். இலையை அளவாக வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டுவது, நூல் சுற்றுவது என்று கை அதுபாட்டுக்கு ஓடும், கண் அதிலேயே இருக்கும். புத்தகம் பிடிக்கக் கை எங்கே மிச்சம்? கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் வேலை நேரத்தில் ஒருவரைப் பேப்பர் வாசிக்கச் சொல்லி மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். 1969-ல் அங்கே தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவிலும் அந்த வழக்கம் இருந்தது. அதையே செய்து பார்ப்போம் என்று ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஒரு திண்ணைக்குப் போனேன்.

தலைப்புச் செய்தி வாசித்தேன். தங்கம் விலை வாசித்தேன், அதற்குக் கொஞ்சம் பேச்சு எழுந்தது. பத்து நிமிஷத்தில் ஒரு அக்கா, "அது கெடக்கட்டும் லைப்ரரியக்கா, கதை கிதை ஒண்ணும் இல்லையா?" என்றார். அடுத்த புதன்கிழமை ஒரு சிறுகதைத் தொகுப்போடு போனேன். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் பேசாமல் வருஷக்கணக்கில் இருக்கும் ஒரு கதை. வாசித்துக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது. ஆறு பேர் கையும் நின்றுவிட்டது. தூள் சுளகிலேயே கிடந்தது. வாசிப்பது சரியில்லையோ என்று நிமிர்ந்து பார்த்தேன். "நிப்பாட்டாதீங்க, படிங்க" என்றார் மூலையில் இருந்த ஆச்சி. அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பெண் சாயங்காலம் நூலகத்துக்கு வந்தாள். அவள் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. அடுத்த கதை என்ன என்று புதன்கிழமை வரை பொறுக்க முடியவில்லை என்றாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், பரவாயில்லையா என்று கேட்டாள். அந்தப் புத்தகத்தை அவள் ஒரு மாதம் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது பக்க ஓரங்களில் புகையிலை வாசம். அந்த வாசத்தோடுதான் அது இன்றும் ராக்கையில் இருக்கிறது.

வாசிப்பு இப்போது மூன்று திண்ணைகளில் நடக்கிறது. நான் மட்டும் போவதில்லை. கல்லூரி விடுமுறையில் பெண்பிள்ளைகள் போகிறார்கள்.

இனி சொல்லப் போவதைச் சிலர் விரும்ப மாட்டீர்கள். நம் ஊர்களில் நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. எங்கள் நூலகத்துக்கு வர வேண்டுமென்றால் கோயில் வாசலைக் கடந்து வர வேண்டும். நூலகப் படிக்கட்டில் சாயங்காலமானால் சீட்டு விளையாட ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். காலனிப் பிள்ளைகள் வரவில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. படிக்கட்டில் இருந்தவர்கள் பார்க்கும் பார்வை போதும். நான் சனிக்கிழமை சனிக்கிழமை இரண்டு பை நிறையப் புத்தகம் எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். அங்கே வேப்பமரத்தடியில் பாய் விரித்து, பிள்ளைகள் இஷ்டத்துக்குப் புரட்டட்டும் என்று பரப்பிவிடுவேன். முதல் வாரமே பை காலி. இப்படி எட்டு மாதம் போனது. ஆனால் பை கொண்டுபோவதோடு நின்றால் அது இன்னொரு விதத்தில் ஒதுக்கி வைப்பதுதான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அங்கேயே இருங்கள், உங்களுக்குப் புத்தகம் வரும் என்று சொல்வது போல ஆகிவிடும். அதனால் படிக்கட்டுப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு அப்போதைய தலைவரிடம் போனேன். அவர் நேரே வந்து, இது பிள்ளைகள் வந்து போகிற இடம், சீட்டு இங்கே வேண்டாம் என்று சொன்னார். ஒரு வார்த்தைதான். கூட்டம் கலைந்தது. அடுத்த மாதம் காலனியிலிருந்து ஏழு பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இன்று யார் எந்தத் தெரு என்று நான் எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. எல்லாம் ஒரே பாயில் கிடக்கும். என்னால் எட்டு மாதத்தில் முடியாததைத் தலைவர் ஒரு சாயங்காலத்தில் முடித்தார். இந்த மடலை நான் நூலக அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்கு இதுதான் காரணம்.

வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் வருவதை நிறுத்திவிடுவார்கள். ஆறு மணிக்கு மேல் வீட்டில் விடமாட்டார்கள். அவர்களுக்காக நாலரை மணிக்கே திறக்கிறோம். அப்படியும் வர முடியாதவர்களுக்குத் தம்பி தங்கை கையில் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினால் புத்தகம் வீட்டுக்குப் போகும். அரசு நூலகங்களில் 'நூலக நண்பர்கள்' என்று தன்னார்வலர்களை வைத்து முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டில் புத்தகம் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. கேரளத்தில் பெண்களுக்கென்றே வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகும் ஏற்பாடு வெகுகாலமாக உண்டு. செங்கோட்டையைத் தாண்டினால் அந்த ஊர்கள்தான். அங்கே 1945-ல் அம்பலப்புழையில் 47 சின்ன நூலகங்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் ஆனதில்தான் அந்த மாநிலத்து நூலக இயக்கமே பிறந்தது. அதற்கு ஓடி ஓடி உழைத்த பி.என்.பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐ இன்றும் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு நடத்துகிற நூலகங்கள் அவை. மலைக்கு அந்தப் பக்கம் முடிவது இந்தப் பக்கம் ஏன் முடியாது என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

போன் இருக்கும்போது லைப்ரரி எதற்கு என்று உங்களில் சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறீர்கள். போன் அப்பாவுடையது. அப்பா ராத்திரி ஒன்பது மணிக்கு வருவார். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரே அறை, டிவியும் அங்கேதான். குரூப் 4-க்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிற பையன்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியது ஒரு மேஜை, ஒரு விளக்கு, சத்தமில்லாத மூன்று மணி நேரம். சென்னையில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் நான் போய்ப் பார்த்தேன். மனம் நிறைந்துதான் திரும்பினேன். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு மதுரை நாலு மணி நேரப் பயணம். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருப்பதற்கு நாற்பது தப்படி போதும்.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எங்களிடம் ராத்திரி பத்து மணி வரை விளக்கு கேட்டார்கள். நான் சாவியையே கொடுத்துவிட்டேன். பூட்டுவது, பெருக்குவது, தண்ணீர்க் குடம் நிரப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறார்கள். சாவியைக் கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று பயம் காட்டினார்கள். இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாற்காலிகூடப் போகவில்லை.

புத்தகம் போயிருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அரசு வேலையில் இருந்தபோது ஒரு புத்தகம் குறைந்தால் தணிக்கையில் என்ன பதில் சொல்வது, கைக்காசு போய்விடுமோ என்று பயந்து பயந்து கொடுப்பேன். நல்ல புத்தகங்களைப் பூட்டிய பீரோவில் வைத்துக் கண்ணாடி வழியாகக் காட்டிய பாவம் எனக்கும் உண்டு. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இங்கே அந்தப் பயத்தை விட்டுவிட்டேன். எடுத்துப் போனவர் பெயரும் தேதியும் நோட்டில் எழுதுகிறோம், இரண்டு மாதம் ஆனால் வீட்டுக்குப் போய்க் கேட்கிறோம், அவ்வளவுதான். ஒரு பெண் சமையல் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு கல்யாணமாகிப் போய்விட்டாள். போனது போனதுதான் என்று கோடு போட்டுவிட்டோம். தலைதீபாவளிக்கு வந்தவள் மஞ்சள் பையில் வைத்து எடுத்து வந்தாள். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, மேலே தன் கையெழுத்தில் நூலகத்தின் பெயரை எழுதியிருந்தாள்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? முதலில் உள்ளே இருக்கும் பிளீச்சிங் பவுடரையும் தெருவிளக்குச் சாமானையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு நாள் வேலை. கூரை ஒழுகுகிறதா என்று மழைக்கு முன்னால் பாருங்கள். எங்களுக்குக் குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் ஈரக்காற்றிலேயே அட்டையில் பூஞ்சை ஏறிவிடும். வெயில் கண்ட நாளில் காய வைத்து, ராக்கையில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைக்கிறோம். சுவரை ஒட்டி ராக்கையை வைக்காதீர்கள், கரையான் சுவர் வழியாகத்தான் வரும்.

அப்புறம் ஆள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஊருக்குள்ளேயே படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் ஒருத்தி கட்டாயம் இருப்பாள். எங்களுக்குக் கிடைத்தவள் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்து பிள்ளைகளோடு பழகியவள். அவளுக்கு மாதாமாதம் ஒரு தொகை, தேதி தவறாமல் போக வேண்டும். தொகை சின்னதாக இருந்தாலும் தேதி தவறக் கூடாது. எந்த நிதியில் முடியும் என்பது உங்களுக்கும் ஊராட்சிச் செயலருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் பாதியை ஊராட்சி தருகிறது, மீதியை வாசகர் வட்டம் திரட்டுகிறது. அரசு நூலகங்களில் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலர் என்று பெயர் எழுதி வைப்பார்கள். நாங்களும் அதே போல ஒரு பலகை வைத்திருக்கிறோம். அதில் முதல் பெயர் திண்ணையில் கதை கேட்ட ஆச்சியுடையது. பீடிக் காசில் மாதம் நூறாகப் பத்து மாதம் கொடுத்தார்.

நேரம் சாயங்காலமாக இருக்கட்டும். காலை பத்து முதல் ஐந்து என்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளையும் வர முடியாது, வேலைக்குப் போன அம்மாவும் வர முடியாது. குடிக்கத் தண்ணீரும், பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் இல்லாமல் திறக்காதீர்கள்.

புத்தகத்துக்கு அவசரப்பட வேண்டாம். இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். யாராவது மூட்டை மூட்டையாகப் பழைய பாடப் புத்தகமும் கைடும் கொண்டுவந்து தருவார்கள், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு ஊராட்சித் தீர்மானத்தோடு ஒரு கடிதம் எழுதுங்கள், உங்கள் கட்டடத்தை ஊர்ப்புற நூலகமாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நாங்கள் இரண்டு தடவை எழுதிவிட்டோம், மூன்றாவதையும் எழுதுவோம். பதில் வரும் வரை கதவைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

எங்கள் நூலகத்தைப் பார்க்க விரும்புகிற தலைவர்கள், உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். தென்காசி மாவட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் கேட்டாலே வழி சொல்வார்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் வந்தால் உட்கார இடம் இருக்காது, பாயில்தான் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை, துறையில் இருந்த பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. அன்றைக்கு வந்துவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். எங்கள் நூலகத்துக்கு மூன்று சாவி. ஒன்று நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம், ஒன்று தேர்வுக்குப் படிக்கும் பையன்களிடம். மூன்றாவது பஸ் ஸ்டாப் டீக்கடையில், பால் சட்டிக்கு மேலே ஆணியில் தொங்கும். கேட்டால் யார் என்ன என்று விசாரிக்காமல் எடுத்துக் கொடுப்பார்கள்.

அன்புடன்,
ஒரு சின்ன நூலகத்தின் வாசகர் வட்டத்திலிருந்து,
ஓய்வு பெற்ற நூலகர்